புதுச்சேரிக்குப் போன குக்கர்

அத்தியாயம் 9

குக்கர் வெயிட் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சாமான்தான். அதை ஒளித்து வைக்க இடம் தேடும்போதுதான் பூதம் போலப் பெரிதாகத் தெரியும். பெங்களூர் தொம்மலூர் வீட்டுச் சமையலறையில், தெருவில் பால்காரர் மட்டும் நடமாடும் வேளையில், வனஜா அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். கூடத்தில் அவள் 'அண்ணி' என்று கூப்பிடும் நாத்தனார் யசோதா மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

திருடுவது வனஜாவுக்கு இதுவே முதல் தடவை. அதுவும் சொந்த வீட்டில், சொந்த குக்கரிலிருந்து.

அவள் இந்தக் கதிக்கு எப்படி வந்தாள் என்பதைப் போன வாரம் படிக்காமல் விட்டவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

வனஜாவின் மகள் பார்கவி மாரத்தஹள்ளியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். காந்தி ஜெயந்தி இந்த வருஷம் வெள்ளிக்கிழமையில் வந்து விழுந்ததைப் பார்த்ததும், சனி ஞாயிறையும் சேர்த்துப் புதுச்சேரியில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துவிட்டாள்.

"அம்மா, மூணு நாளும் நீ அடுப்புப் பக்கமே போகக் கூடாது. காலையில பேக்கரி, சாயங்காலம் பீச்ல பஜ்ஜி, நைட்டு பிட்ஸா. எங்க என்ன சாப்பிடணும், என்ன குடிக்கணும்னு எல்லாம் மேப்ல குறிச்சு வெச்சுட்டேன்."

வனஜா அப்போது பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சரி என்று மட்டும் சொன்னாள். ஆனால் 'அடுப்புப் பக்கமே போகக் கூடாது' என்ற அந்த வார்த்தையை ஒரு வாரமாகக் கற்கண்டு போல வாயில் அடக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போயிருக்கும். ஆனால் அவள் புருஷன் அர்ஜுனனுக்கு அக்காவிடம் சொல்லாமல் ஒரு சட்டை எடுக்கக்கூட வராது. அன்றைக்கே ஈஜிபுராவுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார். அக்கா யசோதா அங்கே பேச்சிலர் பையன்களுக்கு மெஸ் நடத்துகிறாள். லீவுக்குப் பையன்கள் எல்லாம் ஊருக்குக் கிளம்பியதும், மெஸ்ஸுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு நேற்றே தம்பி வீட்டில் வந்து இறங்கிவிட்டாள்.

வந்தவள் முதலில் சமையலறைச் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தாள். பிறகு பார்கவியைப் பார்த்தாள்.

"புரட்டாசி மாசம் நடக்குதுன்னு தெரியுமாடி உனக்கு?"

பார்கவிக்குத் தெரியாது. அவள் பார்த்தது ஆபீஸ் காலண்டர். அதில் புரட்டாசி கிடையாது.

"கவுச்சி தொடாத மாசத்துல கடலோரம் போறீங்க. அதுவும் நடுவுல பெருமாளுக்கு உகந்த சனிக்கிழமை. அங்க எந்தச் சட்டியில எந்த மீனைப் பொரிச்சிருப்பான்னு யாரு கண்டா? நம்ம பாத்திரம், நம்ம அரிசி, நம்ம கை. மூணு நாள்தானே, ஓடிப் போயிடும்."

'நம்ம கை' என்றால் யார் கை என்பது வனஜாவுக்கு நன்றாகத் தெரியும். காய் நறுக்குவதும் தேங்காய் துருவுவதும் பாத்திரம் கழுவுவதும் அவள் கை. உப்புப் பார்ப்பது மட்டும் அண்ணியின் கை.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அண்ணி கட்டும் மூட்டையில் ஒற்றை அடுப்பும் குக்கரும் அவர்களோடு ஊர் சுற்றிக்கொண்டிருந்தன. திருப்பதிக்குப் போயிருக்கின்றன. ஊட்டிக்குப் போயிருக்கின்றன. மைசூர் தசராவுக்கும் போயிருக்கின்றன. அரண்மனை விளக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் எரிந்தபோது வனஜா சத்திரத்தின் பின்பக்கத்தில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். ஊரே 'ஓ' என்று கத்தியது அவள் காதில் விழுந்தது.

ஒவ்வொரு தடவையும் காரணம் ஒன்றுதான். தம்பிக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் ரிட்டயர் ஆகும்வரை கேன்டீன் சாப்பாட்டைத் தின்று வளர்ந்த வயிறு அது. இதை அக்காவிடம் எடுத்துச் சொல்ல அந்த வயிற்றுக்காரருக்கே தைரியம் வந்ததில்லை.

ஒரே ஒரு தடவை ஒரு மேஜை முன்னால் உட்கார வேண்டும். யாரோ சமைத்ததை யாரோ கொண்டுவந்து வைக்க வேண்டும். அதைச் சூடாகச் சாப்பிட வேண்டும். வனஜாவின் ஆசை அவ்வளவுதான். அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாததால்தான் வெயிட்டைத் திருடினாள்.

"வனஜா, குக்கரைக் கட்டியாச்சா?" கூடத்திலிருந்து குரல் வந்தது.

"கட்டிட்டேன் அண்ணி."

நிஜமாகவே கட்டிவிட்டாள். மூடியைத் தலைகீழாக்கி, கேஸ்கட்டோடு பழைய துண்டில் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தாள். அந்த முடிச்சை அவிழ்க்கவே ஒரு ஆள் வேண்டும். வெயிட்டை மட்டும் வாசலில் இருக்கும் துளசித் தொட்டியில் புதைத்துவிடலாம் என்று நினைத்து வெளியே வந்தால், கேட் அருகே மாடி வீட்டு மௌரீன் நைட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். வீட்டுச் சாவியை வாங்கிக்கொள்ள வந்திருக்கிறாள். மௌரீன் கண் முன்னால் துளசித் தொட்டியைத் தோண்ட முடியாது.

வனஜா சாவியோடு சேர்த்து வெயிட்டையும் அவள் கையில் திணித்தாள்.

"என்னா மேன் இது?" மௌரீன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். "குக்கரு ஊருக்குப் போவுது, இது மட்டும் இங்க எதுக்கு?"

"மெதுவா பேசு மௌரீன். சும்மா வெச்சுக்க, வந்து வாங்கிக்கறேன்."

"நோ நோ. உங்க அண்ணி வந்து கேட்டா நான் என்னா சொல்றது? எனக்குப் பொய் சொல்ல வராது. சண்டே சர்ச்சுக்குப் போணும்."

"அங்க என்ன குசுகுசுன்னு?" யசோதா அரிசி மூட்டையோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

வனஜா மௌரீன் கையிலிருந்து வெயிட்டைப் பிடுங்கித் தன் கைப்பைக்குள் போட்டு, அதன் மேல் கைக்குட்டையை அமுக்கி, ஜிப்பை இழுத்துவிட்டாள்.

"சாவி அண்ணி. சாவிதான் குடுத்துட்டிருந்தேன்."

கார் கிளம்பியது. பார்கவி ஓட்டினாள். அர்ஜுனன் முன்னால் உட்கார்ந்துகொண்டார். பின்னால் யசோதாவும் வனஜாவும். டிக்கியில் அடுப்பு, சிலிண்டர், குக்கர், இட்லித் தட்டு. அங்கே இடம் போதாமல் அரிசி மூட்டை வனஜாவின் கால் மேல் உட்கார்ந்திருந்தது. ஓசூர் ரோட்டில் பெங்களூரே காலி செய்துகொண்டு போவது போல வண்டிகள் நின்றன. எல்லாருக்கும் அதே காலண்டர்தானே.

ஓசூரைத் தாண்டிக் காற்று வர ஆரம்பித்ததும் அர்ஜுனனுக்கு உற்சாகம் பிறந்தது.

"போன உடனே கடலைப் பாத்து உக்காந்துகிட்டு, ஒரே ஒரு சில்லுன்னு..." என்று ஆரம்பித்தவர், பின்சீட்டில் அக்கா இருப்பது நினைவுக்கு வந்து, "மோர்" என்று முடித்தார்.

"அந்த மோர் இன்னிக்குக் கிடைக்காதுப்பா" என்றாள் பார்கவி. "காந்தி ஜெயந்தி. எல்லாக் கடையும் குளோஸ்."

அர்ஜுனன் கிருஷ்ணகிரி மலைகளைச் சொத்து பறிபோனவர் போலப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"லீவுன்னு பாத்தியே, எதுக்கு லீவுன்னு பாக்கலையா?"

"நீங்களும்தான் ஓகே சொன்னீங்க."

"மீனும் கிடையாது, மோரும் கிடையாது. அப்புறம் எதுக்கும்மா புதுச்சேரி? இதுக்கு அல்சூர் லேக்கே போயிருக்கலாமே."

"கடல் இருக்குதில்ல" என்றாள் யசோதா. "போய்க் காலை நனை."

அர்ஜுனன் வேறு வழியாக வந்தார். "அங்க லாயிட் இருக்கான் அக்கா. பீன்யாவுல என் பக்கத்து லேத் மிஷின்ல நின்னவன். ரிட்டயராகி அங்கதான் செட்டில் ஆயிட்டான். ஒரு எட்டு பாத்துட்டு வரணும்."

"பாரு, யாரு வேணாம்னா? அவன் வீட்ல பச்சைத் தண்ணி மட்டும் குடி. வேற எதையும் வாயில வெக்காத."

"சேச்சே, புரட்டாசி ஆச்சே" என்றார் அர்ஜுனன்.

இந்தப் பேச்சு எதுவும் வனஜாவின் காதில் சரியாக ஏறவில்லை. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். வழியில் எங்கேயாவது இறங்கும்போது ஒரு புதரில் எறிந்துவிடலாம் என்று திட்டம். செங்கத்தில் டீ குடிக்க நிறுத்தினார்கள். அண்ணி அவளை விட்டு இம்மியும் நகரவில்லை. திண்டிவனத்தில் பாத்ரூம் போனாள். அங்கும் வாசலில் காவல் நின்றாள் அண்ணி, துணைக்காக. பாசத்துக்கு இப்படி ஒரு தொல்லை உண்டு என்பது வனஜாவுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

வாடகை வீடு கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி இருந்தது. மஞ்சள் சுவர், வாசலில் காகிதப்பூ, உள்ளே வெள்ளைத் துணி போட்ட சோபா. சமையலறை என்ற பெயரில் ஒரு மேடையும் தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலும் இருந்தன. யசோதா அந்தக் கெட்டிலை ஓரமாக நகர்த்திவிட்டுத் தன் அடுப்பை மேடையில் ஏற்றினாள். தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். குக்கர் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"வனஜா, வெயிட்டு எங்க?"

வனஜா காய்கறிப் பைக்குள் தலையை விட்டுக்கொண்டு, "அதுக்குள்ளதான் இருக்கும் அண்ணி" என்றாள்.

அர்ஜுனன் டிக்கியைத் தேடினார். சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினார். அரிசி மூட்டைக்குள் கையை விட்டுத் துழாவினார். பார்கவி தேடவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பரீட்சையில் பிட் அடித்துவிட்டு வந்த தன் காலேஜ் தோழிகளின் முகம் அவளுக்கு நினைவு வந்தது. பேசாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"மறந்துட்டேன் போலிருக்கு அண்ணி" என்றாள் வனஜா. "அப்ப சமைக்க முடியாது, இல்ல?"

அந்தக் கடைசிக் கேள்வியில் கொஞ்சம் சந்தோஷம் கசிந்துவிட்டது. யசோதா அதைக் கவனிக்கவில்லை.

"வெயிட்டு இல்லன்னா என்ன? குக்கர் வர்றதுக்கு முன்னாடி ஊர்ல எவனும் சோறு திங்கலையா? வடிச்சா போச்சு. நீ பருப்பை ஊற வை. கத்திரிக்காயை எடுத்து நறுக்கு."

அவ்வளவுதான். விடியற்காலையிலிருந்து நெஞ்சு அடிக்க அடிக்கச் சுமந்து வந்த திருட்டு, ஒரே பேச்சில் ஒன்றுமில்லாமல் போனது. வனஜா கத்தியை எடுத்தாள். கத்திரிக்காயை எடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே இரண்டு பெண்கள் ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டே நடந்து போனார்கள். எதற்காகவோ சிரித்தார்கள். பக்கத்தில் எங்கேயோ வெண்ணெய் உருகும் வாசனை வந்தது.

மைசூரில் கேட்ட அந்த 'ஓ' சத்தம் அவளுக்கு மறுபடி கேட்டது.

"நான் நறுக்க மாட்டேன் அண்ணி."

"என்ன?"

"நறுக்க மாட்டேன்." கத்தியை மேடையில் வைத்தாள். "எனக்கு ஓட்டல்ல சாப்பிடணும். நான் உக்காந்திருக்கணும், யாராவது கொண்டாந்து வெக்கணும். மைசூர்லயே கேட்டிருக்கணும். கேக்கல. இப்ப கேக்கறேன்."

முதலில் அசைந்தவர் அர்ஜுனன். வீட்டில் சண்டை மூளும் போலிருந்தால் உடனே எதையாவது வாங்கி வரக் கிளம்பிவிடுவது அவர் வழக்கம். தொம்மலூரில் அப்படி வாங்கிச் சேர்த்த கொத்தமல்லி கணக்கில்லை.

"நான் போய் ஒரு வெயிட்டு கிடைக்குதான்னு பாத்துட்டு வந்துடறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

யசோதா அசையாமல் நின்றாள். கோபம் வந்தால் அவள் கத்துவாள். அது வனஜாவுக்குப் பழக்கம். இப்போது அவள் கத்தவில்லை. குக்கர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, அடி வாங்கியவள் போலப் பார்த்தாள். வனஜாவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

பார்கவி நடுவில் புகுந்தாள்.

"அத்தை, ஒரு டீல். ஒரே ஒரு மத்தியானம். சைவம் மட்டும் போடற இடம் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். நீங்க உள்ள போய் அவங்க சமையல்கட்டைப் பாருங்க. சரியில்லைன்னா திரும்பி வந்துடலாம். கத்திரிக்காயை நான் நறுக்கறேன்."

யசோதாவின் புருவம் லேசாக உயர்ந்தது. ஓட்டல் சாப்பாடு அவளுக்கு வேண்டாம். ஆனால் இன்னொருத்தர் சமையல்கட்டுக்குள் நுழைந்து குறை கண்டுபிடிப்பது என்றால், மெஸ் நடத்துகிற எவளாலும் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

"பாப்போம்" என்றாள். தலைப்பை அவிழ்த்துவிட்டுக்கொண்டாள்.

அந்த இடம் ஒரு பழைய பிரெஞ்சு வீட்டின் முற்றம். வேப்பமர நிழலில் சின்னச் சின்ன மேஜைகள். பார்கவி தன் அப்பாவுக்கு அந்த இடத்தை மேப்பில் அனுப்பிவிட்டு நிமிர்வதற்குள், யசோதா சமையல்கட்டுக்குள் போயிருந்தாள். ஓட்டல் பையன் பின்னாலேயே ஓடினான். வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள்.

"பாத்திரம் பரவால்ல. வெண்ணெயைத் தொறந்து வெச்சிருக்கான். மூடுடா, ஈ மொய்க்கும்னேன். மூடிட்டான்."

இது அனுமதி என்று புரிந்துகொண்டு பார்கவி அவசரமாக ஆர்டர் செய்தாள்.

"க்ரெப்னா என்னடி?" என்று கேட்டாள் யசோதா.

"தோசை மாதிரிதான் அத்தை. முட்டை போடாம சொல்லியிருக்கேன். உள்ள காளான், சீஸ் வெப்பாங்க."

"காளான் வேணாம். கீரை வெக்கச் சொல்லு."

தட்டுகள் வந்தன. வந்ததும் யசோதா சட்டென்று எழுந்து, பரிமாற வந்தவர் கையிலிருந்து தட்டை வாங்கி வனஜா முன்னால் வைத்தாள். அடுத்த தட்டையும் வாங்கிப் பார்கவிக்கு வைத்தாள். மூன்றாவதை வாங்கிக்கொண்டு யாருக்கு வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"அத்தை, அது உங்களுக்கு. உக்காருங்க."

யசோதா உட்கார்ந்தாள். கையை மேஜை மேல் வைத்தாள், பிறகு மடியில் வைத்தாள், மறுபடியும் மேஜைக்கே கொண்டுவந்தாள். ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு, "கல்லு இன்னும் கொஞ்சம் காயணும்" என்றாள். ஆனால் நிறுத்தாமல் சாப்பிட்டாள்.

வனஜா முதல் வாயை விழுங்கினாள். வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, பிய்ந்துபோன தோசையும் ஆறிப்போன தோசையும்தான் அவள் பங்குக்கு வரும். இது பிய்யவில்லை. ஆவி வந்தது. உள்ளே வெண்ணெயும் கீரையும் சுடச்சுட நாக்கைத் தொட்டன. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"காரமா இருக்குதா?" என்றாள் யசோதா.

"இல்ல அண்ணி. சூடா இருக்கு."

கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கைப்பையைத் திறந்து கைக்குட்டையை உருவினாள். கைக்குட்டையோடு சேர்ந்து வெயிட்டும் வந்தது. கல் தரையில் 'டிங்' என்று விழுந்து, மேஜைக்கு அடியில் உருண்டு, யசோதாவின் காலடியில் போய் நின்றது.

யசோதா குனிந்து எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பார்கவி மூச்சை அடக்கிக்கொண்டாள். கையும் களவுமாக மாட்டிக்கொண்ட வனஜா, பாதி மென்ற வாயோடு அப்படியே இருந்தாள்.

"ஊர்லேருந்து பத்திரமா எடுத்தாந்துட்டு இல்லன்னியே."

"வீட்லயே விட்டுட்டு வரலாம்னுதான் பாத்தேன் அண்ணி. மௌரீன் வாங்கிக்க மாட்டேன்னுட்டா."

யசோதா அதை உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தாள்.

"மெஸ்ல தினமும் காலையில எழுந்ததுலேருந்து இந்தச் சனியன் கத்தறதைத்தான் எண்ணிட்டிருக்கேன். ரெண்டா, மூணான்னு. சமைக்கணும்னு எனக்கு மட்டும் ஆசையா?" அவள் குரல் தாழ்ந்தது. "சமைக்கறேன்னு மூட்டை கட்டிட்டு வந்தாத்தான் ஆச்சு. இல்லன்னா என்னை எதுக்குக் கூட்டிட்டுப் போகப் போறீங்க?"

வனஜா இத்தனை வருஷமாக இந்த அண்ணியோடு எத்தனை ஊருக்குப் போயிருக்கிறாள். 'நீங்களும் வாங்க அண்ணி' என்று ஒரு தடவைகூட யாரும் கூப்பிட்டதில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. தான் கூப்பிட்டதில்லை என்பதும் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"சும்மாவே வாங்க அண்ணி" என்றாள். "கையை வீசிட்டு வாங்க."

யசோதா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். வெயிட்டைத் தன் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

"தம்பிக்குத் தெரிய வேணாம். தொலைஞ்சது தொலைஞ்சதாவே இருக்கட்டும். ஏண்டி பார்கவி, ரெண்டு பேருக்கும் இன்னொண்ணு சொல்லு. இந்தத் தடவை முறுகலா."

"அப்ப நைட்டு அத்தை?"

"அந்தப் பிட்ஸாவையும்தான் பாப்போமே. ஆனா சமையல்கட்டை முதல்ல பாக்கணும்."

வனஜா சிரித்துவிட்டாள். மூன்று நாள். பேக்கரி, பஜ்ஜி, பிட்ஸா. எல்லாம் நிஜமாகவே நடக்கப் போகிறது என்று அப்போதுதான் முதன்முதலாக நம்பினாள்.

சரியாக அந்த நேரம் பார்த்து அர்ஜுனன் வந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது, முகம் மட்டும் ஜொலித்தது. போரில் ஜெயித்தவர் போலக் கையை நீட்டினார். கையில் ஒரு குக்கர் வெயிட்.

"கடையெல்லாம் லீவு அக்கா. விடுவேனா? லாயிட் வீட்டுக்குப் போய் அவன் குக்கர்லேருந்தே கழட்டிட்டு வந்துட்டேன். மூணு நாளைக்கு அவங்க வடிச்சுக்கறாங்களாம். வா, போய் அடுப்பைப் பத்த வெக்கலாம்."

யசோதா அதை வாங்கினாள். பார்க்கக்கூட இல்லை.

"இது நம்ம குக்கருக்குச் சேராது."

"போட்டே பாக்கலையே அக்கா."

"பாத்தாலே தெரியும். உக்காந்து சாப்பிடு."

அர்ஜுனன் ஒன்றும் புரியாமல் நாற்காலியை இழுத்துக்கொண்டு வனஜா பக்கத்தில் குனிந்தார். குனிந்ததும் வனஜாவுக்கு அந்த வாசனை தெரிந்துவிட்டது. மிளகாய்த் தூள், பூண்டு, கறிவேப்பிலை, அதற்கெல்லாம் அடியில் கடல். அண்ணிக்கு இது தெரிந்தால் போதும். 'இதுக்குத்தான் வெளியில திங்க வேணாம்னேன்' என்று ஆரம்பித்து, சாயங்காலமே அடுப்பைப் பற்ற வைத்துவிடுவாள்.

"என்னங்க, போய்க் கை கழுவிட்டு வாங்க" என்றாள் அவசரமாக. "சோப்புப் போட்டு."

"கழுவிட்டுத்தான் வந்தேன்."

"இன்னொரு தடவை கழுவுங்க."

"நில்லுடா அர்ஜுனா."

யசோதா லாயிட் வீட்டு வெயிட்டை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். ஒரு தடவை முகர்ந்தாள். எத்தனையோ வருஷமாகச் சட்டியைத் திறக்காமலே உள்ளே என்ன கொதிக்கிறது என்று சொல்லும் மூக்கு அது.

"வஞ்சிரமா, சங்கராவா?"

அர்ஜுனன் வனஜாவைப் பார்த்தார். பார்கவியைப் பார்த்தார். பார்கவி மெனு கார்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"மோர்தான் குடிச்சேன் அக்கா."

யசோதாவின் இன்னொரு கை மெதுவாக நகர்ந்து, வெயிட்டை ஒளித்து வைத்த கைப்பையின் ஜிப் மேல் போய் நின்றது. அந்த நேரத்தில் ஓட்டல் பையன் வந்து வனஜா முன்னால் இரண்டாவது தோசையை வைத்தான். முறுகலாக, ஓரம் சிவந்து, ஆவி பறக்க இருந்தது.

வனஜா அந்த ஜிப்பைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். எது நடந்தாலும் இதைச் சூடாகவே சாப்பிட்டுவிடுவது என்று முடிவு செய்து, பெரிய துண்டாகப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.